2013-இல் செய்த ஹெலிகாப்டர், 1977-இன் எரிபொருள் விதி

2015 ஜூலை 3, பிற்பகல் 1 மணி 39 நிமிடம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலைத்தொடருக்குள் 9,000 அடிக்கு மேலான உயரத்தில் இருக்கும் சிற்றூர் ஃபிரிஸ்கோ. அங்குள்ள மருத்துவமனைத் தளத்திலிருந்து ஓர் ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர் எழுந்தது. நோயாளி யாரும் உள்ளே இல்லை. வேறோர் ஊரில் நடக்கும் நிகழ்ச்சியில் பொதுமக்களுக்குக் காட்டுவதற்காகப் புறப்பட்ட பயணம் அது. விமானியும் செவிலியர் இருவரும் மட்டுமே இருந்தார்கள். தரையை விட்ட மாத்திரத்தில் மூக்கு இடப்பக்கம் திரும்பியது. திரும்பியது நிற்கவில்லை. சுற்றிக்கொண்டே மேலே போய், சுற்றிக்கொண்டே நகர்ந்து, பக்கத்து வாகன நிறுத்துமிடத்தில் விழுந்தது. எழுந்ததிலிருந்து விழுந்தது வரை ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைக் கண்காணிப்புக் கேமரா பதிவு செய்திருக்கிறது. உடைந்த இயந்திரத்திலிருந்து எரிபொருள் வழிந்து தரையில் ஓடுகிறது. சில விநாடிகளில் தீ. விமானி இறந்தார். செவிலியர் இருவரும் படுகாயமடைந்தனர். ஒருவருக்கு உடலின் பெரும்பகுதி தீயில் வெந்துபோனது.

ஹெலிகாப்டர் ஏஎஸ்350 பி3இ வகை. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது 2013-இல். விபத்தன்று அதற்கு வயது இரண்டுதான். ஆனால் அதன் வகைச் சான்றிதழ், அதாவது அந்த வடிவமைப்புக்கு விமானத் துறை ஒழுங்குமுறை அமைப்பு தரும் ஒப்புதல், 1977-ஐச் சேர்ந்தது. இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இடையே உள்ள 36 ஆண்டு இடைவெளியில்தான் ஃபிரிஸ்கோவின் கதை முழுவதும் இருக்கிறது.

பழைய வடிவமைப்பின் பாதுகாப்பைப் புதிய தொழில்நுட்பத்தால் உயர்த்துவது பற்றிப் பேச எத்தனையோ விபத்துகள் இருக்க, இதை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. இந்த ஒரே இயந்திரத்தில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. ஓரிடத்தில் பாதுகாப்புக்காகப் புதிய அமைப்பு ஒன்றைச் சேர்த்தார்கள். அதற்குள் ஒரு பொறி ஒளிந்திருந்தது. இன்னோரிடத்தில், பல பத்தாண்டுகளாகக் கைவசம் இருந்த தொழில்நுட்பத்தைச் சேர்க்காமலே விட்டார்கள்.

பெடலுக்குப் பின்னால்

முதலில் அந்தப் பொறி. ஏஎஸ்350-இன் முதன்மைச் சுழலி, மேலிருந்து பார்த்தால் வலமாகச் சுற்றும். அதன் எதிர்விளைவாக உடற்பகுதி இடப்பக்கம் திரும்பப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்துவது வால் சுழலி. வால் சுழலியை ஆள்வது விமானியின் காலடியில் இருக்கும் பெடல்கள். வெறும் கால் பலத்தால் அவற்றை மிதித்துப் பறப்பது கடினம் என்பதால் ஹைட்ராலிக் அழுத்தம், அதாவது குழாய்க்குள் அழுத்தப்பட்ட திரவத்தின் பலம், துணை நிற்கிறது.

ஏஎஸ்350 குடும்பத்தில் ஆரம்பத்தில் ஒரே ஹைட்ராலிக் சுற்றுதான் இருந்தது. அது பழுதானால் எல்லாக் கட்டுப்பாடுகளும் ஒருசேரக் கனத்துப்போகும். எனவே பிந்தைய வடிவங்களில் இரண்டாவது சுற்று ஒன்றையும் சேர்த்தார்கள். ஒன்று போனாலும் மற்றொன்று தாங்கும். நல்ல நோக்கம், நல்ல பொறியியல். இதில் யாரும் குறை காண முடியாது.

ஆனால் இரட்டைச் சுற்று வந்தபோது புறப்பாட்டுக்கு முந்தைய சோதனையும் மாறியது. வால் சுழலிக்கான ஹைட்ராலிக்கை நிறுத்தும் சுவிட்சை விமானி ஒருமுறை அணைத்துப் பார்க்க வேண்டும். பிறகு மறுபடி போட வேண்டும். அணைத்தால் அந்தச் சுற்றின் அழுத்தம் வடிந்துவிடும். மறுபடி போடத் தவறினால் என்ன ஆகும்? முதன்மைச் சுழலியின் கட்டுப்பாடுகள் வழக்கம்போல் இலகுவாக இருக்கும். கை சொல்வதெல்லாம் ‘எல்லாம் சரி’ என்றுதான். தரையில் நிற்கும்போது பெடலிலும் பெரிய வேறுபாடு தெரியாது. அப்போது வால் சுழலிக்கு வேலையே குறைவு. எழும்பும் கணத்தில்தான் அதற்கு முழுப் பலமும் வேண்டும். அந்தக் கணத்தில் பெடல் கல்லாக இருக்கும். உடற்பகுதி திரும்பத் தொடங்கியிருக்கும்.

விமானி எங்கே பார்த்திருந்தால் இது தெரிந்திருக்கும்? வால் சுழலிச் சுற்றில் அழுத்தம் திரும்பி வரவில்லை என்று கண்ணில் அறைந்தாற்போலச் சொல்லும் விளக்கோ ஒலியோ அந்த இயந்திரத்தில் இல்லை. அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2017-இல் அறிவித்த முடிவு இதைத்தான் முதலில் வைக்கிறது. அழுத்தத்தை வடித்துவிடும் அந்தச் சோதனை முறையும், அழுத்தம் மீளவில்லை என்று எச்சரிக்கத் தெளிவான ஏற்பாடு இல்லாததும் விபத்துக்கான காரணம் என்றது வாரியம். எழுந்ததும் சற்று நேரம் அந்தரத்தில் நிறுத்திச் சரிபார்க்காமல் விட்டதை, துணைக் காரணமாக மட்டுமே சேர்த்தது.

இந்த வரிசை எனக்கு முக்கியமாகப் படுகிறது. விமானியின் கை தவறியது என்று ஒரே வரியில் கோப்பை மூடியிருக்கலாம். வாரியம் அப்படிச் செய்யவில்லை. அனுபவம் மிக்க ஒருவர், தினமும் செய்யும் சோதனையில், ஒரு சுவிட்சை மீண்டும் போட மறப்பது நடக்கக்கூடியது. அது நடந்தால் இயந்திரம் வாய்திறந்து சொல்ல வேண்டும். புதிய அமைப்பைச் சேர்த்தவர்கள் அந்த மறதியையும் வடிவமைப்பின் ஒரு பகுதியாகக் கணக்கில் எடுத்திருக்க வேண்டும்.

விபத்துக்குப் பின் திருத்தங்கள் வந்தன. சோதனையின் அழுத்தம் வடிக்கும் பகுதியைப் புறப்படுவதற்கு முன் செய்யாமல், தரையிறங்கிய பின், எஞ்சினை நிறுத்துவதற்கு முன் செய்யும்படி மாற்றினார்கள். இதற்குப் புதுக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. ஒரு பக்கத்தில் இருந்த வரியை இன்னொரு பக்கத்துக்கு நகர்த்தியதுதான். மறந்தாலும் தரையில்தான் மறப்போம். என் கணிப்பில் இந்த வழக்கின் மிக அழகான பாதுகாப்பு மேம்பாடு இது.

தொட்டி

இனி இரண்டாவது பாடம், கனமானது இதுதான். சுழன்று விழுந்ததற்கு ஹைட்ராலிக் காரணம். விழுந்தபின் எரிந்ததற்கு எரிபொருள் அமைப்பு காரணம். காயங்களின் கடுமையை அந்த அமைப்பு கூட்டியது, அது மோதலைத் தாங்கும் வகையைச் சேர்ந்ததல்ல என்று வாரியமும் தன் முடிவிலேயே சேர்த்து எழுதியது.

ஏஎஸ்350-இன் பிரதான எரிபொருள் தொட்டி பின்னிருக்கைக்குப் பின்னால், கியர்பாக்ஸுக்குக் கீழே இருக்கிறது. 540 லிட்டர் கொள்ளளவு. பழைய வடிவத்தில் அது வார்த்தெடுத்த கெட்டிப் பிளாஸ்டிக். இலகுவானது, துருப்பிடிக்காது, பராமரிப்பும் குறைவு. ஆனால் மேலே கனமான கியர்பாக்ஸ், கீழே நசுங்கும் தரைச்சட்டம், நடுவில் வளைந்துகொடுக்காத தொட்டி என்றால் மோதலில் விரிசல் விடுவது எளிது.

மோதலைத் தாங்கும் எரிபொருள் அமைப்பு என்பது ஒற்றைப் பொருள் அன்று, ஒரு சிந்தனை முறை. கெட்டித் தொட்டிக்குப் பதில் ரப்பரூட்டிய வலுவான துணிப்பை. அடித்தால் உருமாறும், கிழியாது. குழாய்கள் இறுக்கமாக இழுத்துக் கட்டப்படாமல் கொஞ்சம் நீளம் கூடுதலாகவே இருக்கும்; உடற்சட்டம் நகர்ந்தால் அவையும் சேர்ந்து நகரும். அதையும் மீறி அறுபட வேண்டி வந்தால், எங்கே அறுபட வேண்டும் என்பது முன்பே தீர்மானிக்கப்பட்டிருக்கும்: அந்த இணைப்பு பிரியும்போது இரு பக்கமும் தானே அடைத்துக்கொள்ளும். கவிழ்ந்தால் காற்றுப்போக்கு வழியாக எரிபொருள் கொட்டாதபடி ஒரு வால்வு. மின்கம்பிகளும் சூடான பாகங்களும் எரிபொருளிலிருந்து தள்ளி வைக்கப்படும்.

இதற்கான சோதனையை ஒருமுறை மனத்தில் ஓட்டிப் பாருங்கள். தொட்டியில் கொள்ளளவின் 80 சதவீதம் தண்ணீர் நிரப்புகிறார்கள். அதைச் சுற்றியிருக்கும் சட்டத்தோடு சேர்த்து 50 அடி உயரத்துக்குத் தூக்குகிறார்கள். கீழே இருப்பது சிறிதும் நெகிழாத தளம். கிடைமட்டத்திலிருந்து 10 டிகிரிக்கு மேல் சாயாமல் விழும்படி விடுகிறார்கள். தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு ஏறக்குறைய 62 கிலோமீட்டர். பிறகு போய்ப் பார்க்கிறார்கள். ஒழுகக் கூடாது. குறைவாக ஒழுகினால் பரவாயில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒழுகக் கூடாது, அவ்வளவுதான்.

இந்தச் சோதனை அமெரிக்க விமான விதிகளின் 27-ஆம் பகுதியில் 952-ஆவது பிரிவாக 1994-இல் நடைமுறைக்கு வந்தது. சிறிய ஹெலிகாப்டர்களுக்கான பகுதி அது. தொழில்நுட்பமோ அதற்கும் மூத்தது. வியட்நாம் போரில் தப்பிப் பிழைத்திருக்கக்கூடிய மோதல்களில் வீரர்கள் தீயில் மாண்டதைக் கண்ட அமெரிக்கத் தரைப்படை, 1970 முதல் தன் யூஎச்-1 ஹெலிகாப்டர்களில் இத்தகைய அமைப்பைப் பொருத்தத் தொடங்கியது. அதன்பின் தப்பிக்கக்கூடிய மோதல்களில் தீயால் ஏற்படும் சாவு ஏறக்குறைய மறைந்தே போயிற்று. ஏஎஸ்350 சான்றிதழ் பெறுவதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே தொடங்கிய செய்தி இது. ‘புதிய தொழில்நுட்பம்’ என்று நாம் சொல்வதில் எவ்வளவு பழையது கலந்திருக்கிறது என்பதை இந்த ஓர் உதாரணம் காட்டிவிடும்.

சான்றிதழின் தேதி

அப்படியானால் 2013-இல் செய்த இயந்திரத்தில் ஏன் இல்லை? 1994-இன் விதி, அதன்பின் புதிதாகச் சான்றிதழ் கேட்கும் வடிவமைப்புகளுக்கு மட்டும். முன்பே சான்றிதழ் பெற்ற வடிவமைப்பை எத்தனை ஆண்டுகள் கழித்துத் தயாரித்தாலும், அது தன் பழைய விதிகளின் கீழேயே வெளிவரலாம். வகைச் சான்றிதழ் காலாவதி ஆவதில்லை. வலுவான எஞ்சின், விமானி முன் மின்னணுத் திரைகள், இரட்டை ஹைட்ராலிக் எல்லாம் சேர்ந்தாலும், அடிப்படை 1977 என்றே இருக்கலாம்.

இந்த ஏற்பாட்டை வெறும் சூழ்ச்சி என்று தள்ளிவிட மாட்டேன். ஒவ்வொரு புது விதியையும் ஏற்கெனவே பறக்கும் எல்லா இயந்திரங்களின் மீதும் ஏற்றினால், மலைக்கிராமத்து மீட்புப் பணி நின்றுபோகும். தயாரிப்பாளர் சிறு மேம்பாட்டைக்கூடத் தொடத் தயங்குவார். நீண்ட காலம் பறந்து சோதிக்கப்பட்ட வடிவமைப்புக்கு அதற்கே உரிய நம்பகமும் உண்டு. ஆனால் ஏற்கெனவே பறப்பது வேறு, நாளை செய்யப்போவது வேறு. இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைத்ததுதான் தவறு.

அந்தத் தவறின் அளவை வாரியம் எண்களில் வைத்தது. 1994 முதல் 2013 வரை, மோதலுக்குப் பின் தீப்பிடித்த குறைந்தது 135 ஹெலிகாப்டர் விபத்துகளை அது அமெரிக்காவில் ஆராய்ந்திருக்கிறது. அவற்றில் இறந்தோர் 221 பேர். படுகாயமடைந்தோர் 37 பேர். அந்த 135 இயந்திரங்களில் மோதலைத் தாங்கும் எரிபொருள் அமைப்பு இருந்தவை மூன்றே. 221 பேரும் தீயால்தான் இறந்தார்கள் என்று இதற்குப் பொருளில்லை. பலர் மோதலிலேயே இறந்திருப்பார்கள். ஆனாலும் 135-இல் 3 என்ற கணக்கைப் பார்த்தபின் மனம் ஆறுவதில்லை.

ஃபிரிஸ்கோ விபத்து நடந்த அதே ஜூலை மாதத்தில் வாரியம் தன் பரிந்துரையை எழுதியது: வடிவமைப்பு எப்போது சான்றிதழ் பெற்றிருந்தாலும் சரி, புதிதாகத் தயாராகும் எல்லா ஹெலிகாப்டரும் இந்த விதிக்கு உட்பட வேண்டும். கடைசியில் கதவைத் திறந்தது நாடாளுமன்றம்தான். 2018 அக்டோபரில் நிறைவேறிய விமானத் துறைச் சட்டத்தின் 317-ஆவது பிரிவு, 2020 ஏப்ரல் 5-க்குப் பின் அமெரிக்காவில் இயங்கும் புதிய ஹெலிகாப்டர்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது.

பழையதில் பொருத்துவது

சட்டம் புதியவற்றைப் பிடித்தது. ஏற்கெனவே பறந்துகொண்டிருந்தவற்றை உரிமையாளர் விருப்பத்துக்கே விட்டது. ஆகவே பழைய இயந்திரத்தில் பொருத்தும் மாற்றுத் தொகுப்புகள்தான் இனி பேச்சு. ராபர்ட்சன் ஃப்யூல் சிஸ்டம்ஸ் நிறுவனமும் வெக்டர் ஏரோஸ்பேஸ் நிறுவனமும் சேர்ந்து ஏஎஸ்350 குடும்பத்துக்கு இப்படியொரு தொகுப்பை உருவாக்கி, 2017-இல் அமெரிக்க ஒப்புதல் பெற்றன. பிளாஸ்டிக் தொட்டி இருந்த அதே இடத்தில் துணிப்பைத் தொட்டி. இதற்குத் துணை வகைச் சான்றிதழ் என்ற வழி உதவுகிறது: மூல வடிவமைப்பின் சான்றிதழைத் தொடாமல், அதன்மேல் ஒரு மாற்றத்துக்கு மட்டும் தனி ஒப்புதல்.

ராபின்சன் ஆர்44-இன் கதையை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1992-இல் சான்றிதழ் பெற்ற அந்தச் சிறு ஹெலிகாப்டரும் 1994-இன் விதிக்கு வெளியேதான் இருந்தது. அதன் தொட்டிகள் அலுமினியம். தயாரிப்பாளரே துணிப்பைத் தொட்டியை உருவாக்கி, பழைய இயந்திரங்களிலும் மாற்றும்படி 2010 டிசம்பரில் சேவை அறிவிக்கை வெளியிட்டார். கெடு பின்னர் 2013 ஏப்ரல் 30 என்று முன்னுக்குக் கொண்டுவரப்பட்டது. கெடுவுக்கு ஆறு வாரம்கூட இல்லாத 2013 மார்ச் 21 அன்று, ஆஸ்திரேலியாவின் புல்லி டாப்ஸில் அலுமினியத் தொட்டிகளோடு இருந்த ஓர் ஆர்44 விழுந்து எரிந்தது. நால்வர் இறந்தனர். அதன்பின் ஆஸ்திரேலியாவின் விமானப் பாதுகாப்பு ஆணையம் அந்த அறிவிக்கையைக் கட்டாய உத்தரவாக்கியது. மாற்றாதவை பறக்க முடியாது.

அந்த மூன்றாம் மாதத்து வியாழக்கிழமையை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. தீர்வு இருந்தது. பொருள் இருந்தது. தேதிகூட குறிக்கப்பட்டிருந்தது. செய்துகொள்ளலாம் என்பதற்கும் செய்தாக வேண்டும் என்பதற்கும் இடைப்பட்ட நாட்களில் நான்கு பேர் போய்விட்டார்கள்.

எதை முதலில் சேர்ப்பது

இன்று ஒரு பழைய ஹெலிகாப்டரின் உரிமையாளர் முன் பட்டியல் நீளம். நிலப்பரப்பு எச்சரிக்கைக் கருவி, நிலைநிறுத்தும் தானியங்கி, மின்னணுத் திரைகள், பறப்புப் பதிவுக் கருவி, மோதலை உள்வாங்கும் இருக்கைகள், தொட்டி. ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர்களுக்கு நிலப்பரப்பு எச்சரிக்கையையும் பறப்புப் பதிவையும் 2014-இன் அமெரிக்க விதி கட்டாயமாக்கியது. கட்டாயமில்லாத, ஆனால் பாதுகாப்பைக் கூட்டும் கருவிகளை எளிய நடைமுறையில் ஒப்புக்கொள்ள 2016-இல் தனிக் கொள்கையே வந்தது. மேகத்துக்குள் சிக்கிய விமானிக்கு, கையை எடுத்தாலும் இயந்திரத்தை நேராக வைத்திருக்கும் தானியங்கி இன்று ஏஎஸ்350-க்கே கிடைக்கிறது. திசை புலப்படாமல் போய் இறந்த விமானிகளின் எண்ணிக்கையைத் தெரிந்தவர்கள் அதன் மதிப்பை அறிவார்கள்.

இவற்றுள் வரிசைப்படுத்த நான் கேட்கும் கேள்வி ஒன்றே: இந்தக் கருவி வேலை செய்ய விமானி ஏதாவது செய்ய வேண்டுமா? தொட்டி யாரையும் எதுவும் கேட்பதில்லை. அதற்குப் பயிற்சி வேண்டாம், சுவிட்ச் இல்லை, சோதனைப் பட்டியலில் வரி இல்லை. இருக்கையும் அப்படியே: 1989-இன் விதிப்படி சோதிக்கப்பட்ட இருக்கை, செங்குத்து மோதலில் முதுகெலும்பின் மேல் 1,500 பவுண்டுக்கு மேல் சுமை ஏறாமல் தானே நசுங்கிக் காக்கும். இந்த மௌனமான பாதுகாப்புகளைத்தான் முதலில் செய்ய வேண்டும் என்பேன்.

விமானியின் கையோடும் கண்ணோடும் உறவாடும் கருவிகளுக்கு ஃபிரிஸ்கோவின் சுவிட்ச் ஓர் உரைகல். அதைச் சேர்த்தால் சோதனைப் பட்டியலில் என்ன கூடுகிறது? பாதியில் நின்றால் எந்த நிலையில் நிற்கிறது? நின்றிருப்பது விமானிக்கு எப்படித் தெரியும்? பழைய வடிவத்தில் பழகிய கை இதை எப்படிப் புரிந்துகொள்ளும்? புதிய பாகத்தை மட்டும் தனியே சோதித்து ஒப்புதல் தருவது போதாது. அது நுழைந்தபின் முழு இயந்திரமும் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க வேண்டும்.

2019 ஆகஸ்ட் 31 அன்று, நார்வேயின் ஆல்டாவுக்கு அருகே, சுற்றிப்பார்க்கச் சென்ற ஓர் ஏஎஸ்350 பி3 விழுந்து எரிந்தது. உள்ளே இருந்த ஆறு பேரும் இறந்தனர். ஹெலிகாப்டர் அதே ஆண்டில் தயாரானது, புத்தம் புதியது. அமெரிக்கச் சட்டம் அதற்கு முந்தைய ஆண்டே நிறைவேறியிருந்தது, ஆனால் அதன் எல்லை அமெரிக்கா. மோதலைத் தாங்கும் எரிபொருள் அமைப்பு அந்த இயந்திரத்தில் இல்லை.